வரிசையில் முன்னால் நிற்பது

எண்ணூர் சாலையில் லாரிகள்,
ஒன்றன் முதுகில் இன்னொன்றின் மூக்கு.
"இன்னா சார், பிரிண்டர் பூட்ச்சா?"
ஜன்னலில் டில்லிகுமாரின் டார்ச்.

பூடவில்லை. பச்சை விளக்கு எரிகிறது,
வயிறு நிறையத் தாள்.
யூனிக்ஸைக் கேட்டேன்.
வரிசையில் நாற்பத்தோரு வேலை.
முன்னால் நிற்பது செலஸ்டீனாவுடையது,
நேற்றோடு கணக்கு முடித்துப் போனவள்.
கோப்பின் பெயர் சம்பளபாக்கி.
அளவு பூஜ்யம்.

ஸ்பூலரின் பூட்டில் ஓர் எண்.
அந்த எண்ணுள்ள பிராசஸ் சாயங்காலமே செத்துவிட்டது,
பூட்டுக்கு யாரும் சொல்லவில்லை.
பூட்டை அழித்தேன், ஸ்பூலரை எழுப்பினேன்.

அவள் கோப்பின் மேல் விரல் நின்றது.
ரூட் நான், எதையும் அழிக்கலாம்.
கடைசிக்குத் தள்ளினேன்.

நாற்பது கேட் சீட்டு,
நாற்பது லாரியும் உறுமிக் கிளம்பின.
பிறகு
ஒரு வெள்ளைத்தாள் வந்தது.
கையில் எடுத்தேன்,
சூடாக இருந்தது.