மீற்றர் வாசிப்பு

மாதத்துக்கு ஒருக்கால் இந்தத் தெருவை வாசிக்கிறேன்.
கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை,
முப்பத்தொரு மீற்றர்.
கண்ணாடிக்குள் சிலந்தி, சிலந்திக்குப் பின்னால் எண்கள்.

மண்டபம் எழும்ப முதல்
தர்மகுலநாதனின் புடவைக்கடை பதினெட்டு அலகு.
பூட்டிக் கிடந்தவை பூச்சியம்.
பூச்சியத்தையும் எழுதத்தான் வேணும்,
கையெழுத்தும் வைக்க வேணும்.

பிறகு வந்தது
ஆயிரத்திருநூறு கதிரை, கண்ணாடிச் சுவர்.
"இனி இந்த நகரம் தூங்காது" என்றார்
திறப்பு விழாவில் ஒருவர்.
ஏழு மணிக் கடைசி பஸ்ஸுக்கு ஓடவேண்டிய நகரம்
எழும்பி நின்று கைதட்டியது.

ஒரு நிகழ்ச்சிக்கு அதன் குளிர்
என் தெருவின் மூன்று மாதத்தைக் குடிக்கும்.
வான்கள் வாசலில் இறக்கும், வாசலில் ஏற்றும்.
பட்டுச்சேலை ஒன்றின் செருப்பும்
எங்கள் தூசியில் பட்டதில்லை.
ஆனாலும் பொய் சொல்லக்கூடாது:
றீற்றா ஒரு குளிர்பெட்டி வாங்கினா,
நாற்பது எழுபத்திரண்டாச்சு.
நௌசாத்தின் பலகையில் பச்சை எழுத்துகள் ஓடத் தொடங்கின.
அதைப் பார்த்து வாடகையும் ஓடியது.
தர்மகுலநாதன் தன் பதினெட்டைத் தூக்கிக்கொண்டு
திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார்.
சுவரில் நாலு ஆணித்துளை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை,
பண்ணைக் காற்றும் நின்றுபோன இரவு,
நாட்டிய நாடகத்தின் நடுவில் ட்ரான்ஸ்போமர் வெடித்தது.
ஜெனறேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்தது.
திறக்கிற யன்னல் ஒன்றும் இல்லாத கண்ணாடி.
அவிந்துபோய் வெளியே வந்தது சனம்.
வான்களை ஒன்பதரைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆயிரம் பேர், கால்நடையாக,
என் ஒழுங்கைக்குள்.

இராவணன் ஒன்பது தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சோடா கேட்டான்.
மண்டோதரிக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் பிளேன்ரீ.
உருக முதல் ஐஸ்கிறீம் அரைவிலை என்றா றீற்றா,
அதற்கும் சண்டை.
விற்க வைத்த கைபேசி எல்லாவற்றிலும் லைற்றைப் போட்டு
வரிசையாய் நிறுத்தினான் நௌசாத்.
தர்மகுலநாதனின் பூட்டிய ஷட்டரில்
ஒரு பெடியன் தாளம் போட,
உள்ளே நின்ற ஆட்டம் தெருவில் தொடங்கியது.

நான் கம்பத்தடியில் நின்றேன்.
உத்தியோக நேரம் இல்லை.
பத்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
"ஓ" என்று கத்தினார்கள்.
சந்தோசமா, ஏமாற்றமா,
எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாசிப்பில் அந்த இரவு இல்லை.
தெரு இப்படி ஒரு நாளும் முழித்திருந்ததில்லை,
ஓடிய அலகு பூச்சியம்.

படிவத்தின் ஓரத்தில் "குறிப்பு" என்று
ஒரு சின்னக் கட்டம் உண்டு.
பதினாறு வருசமாக வெறுமையாய் விட்டது.
எழுதினேன்:
மண்டபத்துக்கு யன்னல் தேவை.

மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்,
இது எந்த மீற்றர் இலக்கத்துக்கு?