என்ன லோடு?

புளியரை சோதனைச் சாவடியில் தொடங்கி
கட்டளைக்குடியிருப்பு தாண்டியும் லாரிகள் நிற்கிற இரவுகளில்
எடைமேடைக் கூண்டின் கண்ணாடியைத் தட்டி
"அக்கா, பேய்க்கதை இருக்கா" என்று கேட்பார்கள்.
சிப்ஸ் வந்த அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது.
ஆனால் எடுத்த எடுப்பில் தரமாட்டேன்.

என்ன லோடு என்று கேட்பேன்.

வைக்கோல் என்றால் அந்தக் கிணற்றுக் கதை கிடையாது.
முதுகுக்குப் பின்னால் எதுவோ உரசுகிற சத்தம்
அவர்களுக்கு வழி நெடுக இலவசம்.
கோழி ஏற்றுகிறவர்களுக்கு ரத்தம் சொட்டினால் சிரிப்பு வரும்.
எம்-சாண்டு ஓட்டுகிறவர்கள் பாவம்,
நாலாவது நடை,
கண் செருகுமுன் பேய் வந்தாக வேண்டும்.
மூன்றாம் பக்கத்திலேயே கதவு திறக்கிற
சின்னக் கதைகளாய்ப் பார்த்துக் கொடுப்பேன்.

எனக்கென்னவோ அவ்வளவு சீக்கிரம் வருகிற பேயைப் பிடிக்காது.
வந்துவிட்டால் அது விருந்தாளி.
டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கத் தோன்றும்.

பெர்மிட் எழுதும் பீர்முகம்மது
கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள்.
அவருக்கென்றே கடைசிப் பக்கம் கிழிந்தவற்றை
தனியாக வைத்திருக்கிறேன்.
இதுவரை என்னைத் திட்டியதில்லை,
இரண்டு நாள் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான்.

டீக்கடை இசக்கியம்மாள்
"எம் பேரச் சொல்லித்தான் ஊர்ல பிள்ளையள உறங்க வைக்காவ,
எனக்கென்ன பயம்" என்று வாங்கிப் போனாள்.
நாலாம் நாள் திருப்பிக் கொடுத்தபோது
பாய்லர் சூட்டில் அட்டை சுருண்டிருந்தது.
"ராத்திரி முழுக்க அந்த மருமவ கதவத் தட்டுதாளே,
உள்ள எல்லாரும் முழிச்சுத்தான கெடந்தாவ?"
பேயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் புதுசு. உங்களுக்கு எதைச் சொல்ல?

இது இருக்கிறது.
மாடிப்படி ஏறுகிற ஒருத்தியின் கதை.
ஷிபுலால் கொண்டுபோன புத்தகம்.
தென்மலைக்காரன்,
பஸ் போர்டும் சினிமா போஸ்டரும் பார்த்துத் தமிழ் படித்தவன்.
"பேடிக்கணம் சேச்சி, உறக்கம் வரருது" என்று வாங்கினான்.
எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனிடம்
பேய் எத்தனை மெதுவாய் நடந்து வரும்,
யோசித்திருக்கிறீர்களா?
நாம் ஒரு மூச்சில் தாண்டிவிடும் படிக்கட்டை
அவன் ஆறு நடையாய் ஏறினான்.
ஒவ்வொரு முறையும் கூண்டுக்கு வெளியே நின்று
விரலைக் காட்டுவான்: இன்னும் மூணு படி.
அவன் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்தால்
எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

பிறகு வேறு லாரிக் கிளீனர் ஒருவன்
பாலித்தீன் சுற்றி இதைக் கொடுத்துவிட்டுப் போனான்.
எண்பத்தேழாம் பக்கத்தில் எடைச்சீட்டு.
மொத்தம் பதினைந்தாயிரத்து எண்ணூற்று எழுபது கிலோ,
காலி வண்டி ஆறாயிரத்து இருநூற்றுப் பத்து,
கீழே என் கையெழுத்து.

கல்ஃபுக்குப் போயிட்டான் என்றார் ஒருவர்.
முதலாளியை மாத்திட்டான் என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் கட்டன் சாயாவைக் குடித்து முடித்து
தம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
நான் அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை.

மூன்று தடவை படித்த புத்தகம்தான்.
எண்பத்தெட்டில் படி முடிகிறது, தெரியும்.
ஆனால் அதன் பிறகு புரட்டவில்லை.
சீட்டில் மை வெளிறிக்கொண்டே வருகிறது,
எடை தெரிகிறது, தேதி போய்விட்டது.

கொண்டுபோங்கள். ஆரியங்காவு தாண்டிப் படியுங்கள்,
வளைவில் வேண்டாம்.
சீட்டை மட்டும் இருந்த இடத்திலேயே வையுங்கள்.
முடிவு பிடித்ததா இல்லையா என்று
எனக்குச் சொல்ல வேண்டாம்.

இந்தச் சாரலில் காலி மேடை
இருபது கிலோ, முப்பது கிலோ காட்டும்.
தண்ணீர்தான், பயப்படாதீர்கள்.
சீரோ பட்டனை அழுத்தினால் போய்விடும்.
யாராவது கேட்டால் அழுத்துவேன்.

சரி, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்,
வண்டியை ஏற்றிவிட்டு இறங்கி நில்லுங்கள்.
என்ன லோடு என்று
நீங்கள் சொல்லவே இல்லையே.