ஒன்பதாயிரத்தில் ஓர் ஊசி

தாலினில், கோப்லி டிராம் திரும்பும் வளையத்துக்கு எதிரே
மரவீடு, இரண்டாம் மாடி.
மூடிப்போன கணக்கர் அலுவலகம் ஒன்றில்
நாற்பது யூரோவுக்கு வாங்கினேன் இந்தக் கணினியை.
அடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது
யாரோ ஓர் உர்வேயின் கடவுச்சொல்:
நாயின் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று.

முதலில் அதன் வாயை அடைத்தேன்.
மெயில் வந்தால் மணி,
குப்பை கொட்டினால் சரசரப்பு,
ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தேன்.
வைஃபை கூடாது. நடுவில் தானாகத் தூங்கவும் கூடாது.
அப்படியும் மூச்சு வாங்கியது மின்விசிறி,
மாடிப்படி ஏறி வந்த கனத்த ஆள்போல.
சமையலறைக்கு அனுப்பிவிட்டேன்.
கதவடியில் துளை போட்டு
ஐந்து மீட்டர் கேபிள்.
திரை மட்டும் என்னோடு.

துணி அலமாரிக்குள் மைக்.
குளிர்கோட்டு நான்கு,
கப்பல் கம்பெனி கொடுத்த ஓவரால் இரண்டு.
எதிரொலி அவற்றில் முகம் புதைத்துக்கொள்ளும்.

அக்கார்டியனில் ஒரு கட்டையை அழுத்தினால்
ஹெட்போனில் அது சற்றுப் பொறுத்து வருகிறது.
பஃபர் ஆயிரத்து இருபத்து நான்கு.
எனக்கு இது புதிதில்லை.
ஹெல்சின்கி கப்பலில் இருபத்தாறு வருடம், இயந்திர அறை.
மேலிருந்து கட்டளை வரும், வால்வைத் திருப்புவோம்,
இரும்பு யோசித்துவிட்டுத்தான் கேட்கும்.
ஆனால் கப்பல் போல்கா ஆட வேண்டியதில்லை.
அறுபத்து நான்காக்கினேன்:
காய்ந்த எண்ணெயில் கடுகு.
நூற்று இருபத்தெட்டில்
இருவரும் சமாதானமானோம்.

பிறகு எதுவும் வாசிக்காமல்
ஒரு நிமிடம் பதிவு செய்தேன்.
அறையின் வெறுமையையும் எடுத்து வைக்க வேண்டுமாம்.
கேட்டேன்: சுத்தம்.
பார்த்தேன்:
ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸில்
நெட்டுக்குத்தாக நிற்கிறது ஓர் ஊசி.

என் காதுகள் நான்காயிரத்தோடு முடிகின்றன.
மருத்துவர் காட்டிய வரைபடத்தில்
கோடு அங்கே பள்ளத்தில் விழுந்தது,
ஏறி வரவே இல்லை.
பதினோரு கோடையாகக் கொசுக்கள்
சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கின்றன.

கீழ்வீட்டு ஹெல்யுவைக் கூப்பிட்டேன். டிராம் ஓட்டுகிறவள்.
ஒரு செருப்பைக் கழற்றியவள்
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"இதோடவா குடியிருக்கீங்க?"
சுவரோரமாக நடந்தாள்,
அடுப்பில் சூடு பார்ப்பதுபோல விரல்களை விரித்து.
ஃப்ரிட்ஜ், இல்லை. ரேடியோ, இல்லை.
மேஜை விளக்கின் அடாப்டர் முன் குனிந்தாள்.
பிடுங்கினாள்.
இருட்டு.
"அப்பாடா" என்றாள்.
எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.
திரையில் ஊசி படுத்துக்கொண்டது.

"வாசிங்க, நாலரைக்கு எனக்கு ஷிப்ட்."
கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
வாசித்தேன்.
ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டையைத்
தாண்டித் தாண்டிப் போகும் என் பழைய வழியில்,
இரண்டு இடத்தில் தப்பாக.
முடிந்ததும் துருத்தியை மூடி
விரல் அசைக்காமல் காத்திருந்தேன், விதிப்படி.
அவள் எழுந்து போனாள், ஒரு கையில் செருப்போடு.

இப்போது அலையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
கடைசிச் சுரம் சரிந்து அடங்கிய பிறகு
சமவெளியில் சின்னதாக ஒரு புதர்.
எல்லாமே நான்காயிரத்துக்கு மேல்.
கிசுகிசுப்பு.
அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள்,
இரண்டு சொல், மூன்றாகவும் இருக்கலாம்.
ஒலியைக் கூட்டினேன். கோட்டுகளின் மௌனம்தான் வந்தது.
வேகத்தைக் கால்வாசியாக்கினால்
சொற்கள் என் காதுவரை இறங்கி வரக்கூடும்.
அதற்கு ஒரு மெனு இருக்கிறது. எங்கே என்றும் தெரியும்.

புதரைத் தேர்ந்தெடுத்தேன்.
அழிக்கவா என்றது.
பிறகு என்பதற்குப் பொத்தான் இல்லை,
ரத்து என்பதை அழுத்தினேன்.

ஐந்தேகாலுக்கு முதல் டிராம்.
வளையத்தில் திரும்பும்போது சக்கரம் கிறீச்சிடும் என்று
தெருவே புகார் எழுதியிருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன்.
என் சுவரில் வெளிச்சம் மட்டும்
மெல்லத் திரும்புகிறது.