பத்து ரூபாய்க் கறுப்பு

திங்களிலிருந்து
ஐம்பத்தைந்துக்கு மேலே யாரும் ஜீப்பில் ஏறக் கூடாதாம்.
கணக்குப்பிள்ளை பைஜு மலையாளத்தில் சொன்னான்.
தமிழில் சொல்ல அவனுக்கே கூச்சம்போல.

ஆதாரில் எனக்கு அறுபத்தொன்று,
ரேஷன் கார்டில் ஐம்பத்து நாலு.
பென்ஷன் கேட்டுப் போனால் ரேஷன் கார்டைப் பார்க்கிறார்கள்
வேலை கேட்டுப் போனால் ஆதாரை.

ஞாயிறு ராத்திரி காளியப்பன் கடையில்
ஒரு பாக்கெட் டை வாங்கினேன்.
பத்து ரூபாய்க் கறுப்பு.

சும்மா கிடைத்த கறுப்புக்கே
எவ்வளவோ செலவழித்தாயிற்று.
பெண் பார்க்க வந்தவர்கள் "நிறம் கொஞ்சம் மட்டு" என்று
ரெண்டு பவுன் கூடக் கேட்டார்கள்.
இருந்த ஒரே கறவையை விற்றார் அப்பா.
இப்போது அதையே
காசு கொடுத்து வாங்கித்
தலையில் தேய்க்கிறேன், கரண்டு போன இருட்டில்.

நாலரைக்கு ஜீப். பதினாலு பேர்,
மடியில் தூக்குச்சட்டி, மேலே கிழிந்த தார்ப்பாய்.
என் பக்கத்தில் வெள்ளத்தாயி. பேரில் மட்டும் வெள்ளை.

ஆறாவது வளைவில் யாரும் பேசுவதில்லை.
போன வருஷம் அங்கேதான்
ராக்குவும், இருபத்திரண்டு வயசு பிருந்தாவும்.
கோர்ட்டில் வயசை வைத்துப் பெருக்கினார்கள்.
பிருந்தாவுக்கு வந்ததில்
மூணில் ஒரு பங்குகூட ராக்குவுக்கு இல்லை.
ஒரே பள்ளம்.
ஒரே பாறை.

கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டியதும் மழை பிடித்தது.
பிடரியில் ஏதோ ஊர்ந்தது, அட்டையாக்கும் என்று தொட்டேன்.
விரலில் மை.
துடைப்பதற்குள் வெள்ளத்தாயி பார்த்துவிட்டாள்.
சிரிக்கவில்லை.
தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
ஜாக்கெட் முழுக்கக் கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது.
எதிரே பொன்னழகு, அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை,
அவள் காதோரமும்.

பிறகு சிரித்தோம்,
டிரைவர் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு.

தோட்டத்து வாசலில்
குடைக்குள் நோட்டைத் திறந்து நின்றான் பைஜு.
ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தான்.
ஏலக்காய் பழுத்து உதிர்கிற மாசம்,
ஆள் பத்தவில்லை.
வயசு எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்தான்
எடுத்தான்
"போய்க்கோ" என்றான்.

சாயங்காலம் கூலி எண்ணும்போது
எங்கள் மூணு பேருக்கு மட்டும்
நூறு ரூபாய் குறைந்தது.
ஏன் என்று கேட்டேன்.

"மழ" என்றான்.