கேரியரில் இருந்தவள்

ஏழு வயதில் ஓட்டேரிக் கால்வாய்க்குள்
சைக்கிளோடு போய் விழுந்தவள் நான்.
எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.
கல்யாணப் பந்தியில் பிரியாணி வருவதற்குள்
யாராவது என்னை மறுபடி தள்ளிவிடுவார்கள்.

முதலில் கணுக்கால் அளவு தண்ணீர்தான்.
சித்தி மகன் நிச்சயதார்த்தத்தில் அது இடுப்பைத் தொட்டது.
பிறகு அங்கே ஓர் எருமை குளித்துக்கொண்டிருந்தது,
நான் விழுந்தது அதன் முதுகில்.
எருமையைச் சேர்த்தது நான்தான்.
மற்றவர்கள் சிரிக்கும் முன்
நானே சிரித்துவிடுவதில் ஒரு சௌகரியம்.

"எனக்கு பேலன்ஸ் கிடையாதுங்க."
இதை வணக்கம்போலச் சொல்லப் பழகினேன்.
பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன்.
ஒரகடத்தில் இரட்டைச் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள்.
பஸ் இறங்கி நாலு கிலோமீட்டர்,
வண்டி ஓட்டத் தெரியணும் என்றார்கள்.
அங்கேயும் சொன்னேன், எருமை வரைக்கும்.
மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
வேலை வேறு யாருக்கோ போனது.

இருபத்திரண்டு வருஷம் 29சி.
ஜெமினி திருப்பத்தில்கூட
கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி
பர்ஸில் சில்லறை எண்ணுவேன்.

போன மாதம் வில்லிவாக்கம் சர்ச் ஹாலில்,
மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட ஆரோன் மாமா
கதை பாதியில் இருக்கும்போது குறுக்கே பேசினார்:
"விழுந்தது செலின் இல்ல?
நீ பின்னாடி கேரியர்ல இருந்த.
குதிச்சு ஓடியாந்து
என்னைக் கூப்பிட்டதே நீதானே."

அக்காவைப் பார்த்தேன்.
எலும்பை இலை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.
இரண்டு பிள்ளைகளையும் ஸ்கூட்டரில் ஏற்றி
கொட்டும் மழையில் கொளத்தூர் வரை போகிறவள்.
"அப்படியா?" என்றாள்.
"எனக்கு ஞாபகமே இல்லடி."

யாரும் சிரிக்கவில்லை.
பக்கத்து இலைக்குத் தயிர்ப்பச்சடி கேட்டார்கள்.

என் முழங்காலில் ஒரு தழும்பு உண்டு.
எத்தனையோ பேருக்குச் சாட்சியாகக் காட்டியது.
குதித்தபோது வந்திருக்கலாம்.
அல்லது வேறெங்கோ,
யாரும் சொல்லாத ஒரு நாளில்.

இப்போது விடிகாலை ஐந்தரைக்கு
அக்கா வண்டியில் ஐசிஎஃப் மைதானத்தைச் சுற்றுகிறேன்.
நடக்க வருகிறவர்கள் தூரமாக விலகிப் போகிறார்கள்.
நாய் மட்டும் விலகுவதில்லை.
நேற்று விளக்குக் கம்பத்தில் இடித்து
இடப்பக்கக் கண்ணாடி போயிற்று, முழங்கை சிராய்த்தது.
கதை இல்லாமல் விழுவது புதிதாக இருக்கிறது.
வலிக்கிற இடத்தில் மட்டும்தான் வலிக்கிறது.

பால் பாக்கெட் போடுகிற பையன்
சைக்கிளில் காலூன்றி நின்று கேட்டான்:
"புதுசாக்கா?"

வாய் தானாகத் திறந்தது, ஏழு வயசுல என்று.
எருமை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது.

"ஆமாப்பா" என்றேன்.

வண்டி எப்போதோ ஆஃப் ஆகியிருந்தது.
பிரேக்கைப் பிடித்துக்கொண்டு
பட்டனைத் தேடினேன்.