ஒற்று

காட்பாடிப் பாலத்தடி பிரவுசிங் சென்டரில்
மணிக்கு முப்பது ரூபாய்.
மூன்று நாட்டு விண்ணப்பங்கள் திறந்திருக்கின்றன,
மின்விசிறி ஒன்றுதான்.

ஸ்காட்லாந்து கேட்கிறது:
ஏன் செய்தியாளர் ஆக வேண்டும், ஐந்நூறு சொற்களில்.
டென்மார்க்குக்கு என் குரல் வேண்டும்,
தொண்ணூறு நொடி, பின்னணியில் ஊர்ச்சத்தத்தோடு.
சத்தத்துக்கா பஞ்சம்,
தொண்ணூறு நொடிக்குள் இரண்டு ரயில் போய்விட்டது.
மலேசியா மட்டும் கூச்சமில்லாமல்
எடுத்ததுமே அப்பாவின் வருமானம் கேட்கிறது.

எங்கள் கல்லூரியில்
நாற்பத்தொரு பேருக்கு ஒரு கேமரா.
இரண்டாம் ஆண்டில்தான் தொட விட்டார்கள்.
அதுவரை
செய்தி என்பது தலைகீழ்ப் பிரமிடு.
தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்தேன்,
தவளையின் இதயத்துக்குக் குறித்ததுபோல.
பத்துக்கு எட்டு.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
வங்காளத்தில் பெயர் எழுதிய லாட்ஜில்
தில்ரூபாவைப் பார்த்தேன்.
அப்பாவின் சிறுநீரகத்துக்காக ராஜ்ஷாஹியிலிருந்து வந்தவள்.
அங்கே இதழியல், மூன்றாம் ஆண்டு.
அரைகுறை இந்தியில் பாடத்திட்டம் பேசினோம்,
மொட்டைமாடிக் கொடியில்
யார் யாருடையவோ துண்டுகள் காய.
எங்களுக்குச் சட்டத்துக்கு ஒரு தாள் உண்டு, என்றாள்.
எந்த வரி எழுதினால்
யார் வீடு தேடி வருவார் என்பது அதில் இல்லை.
அது கேன்டீனில்.

டோக்கன் கவுன்ட்டரில் தினமும் அவளைக் கேட்கிறார்கள்:
யார், என்ன, எங்கே, எப்போதிலிருந்து.
ஏன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை,
சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் ஏழாவது கட்டம்:
உன் தோல்வி ஒன்றை விவரி, நூறு சொல்.

மாலைத்தாள் ஒன்றில் பயிற்சிக்குப் போனபோது
ராணிப்பேட்டைப் பக்கம்
தோல் தொழிற்சாலைத் தொட்டியில் இருவர் இறங்கினார்கள்.
ஏறவில்லை.
பெயர்களை போனில் வாங்கினேன்,
ஓடும் பஸ்ஸில், ஹாரனுக்கு நடுவே.
மறுநாள் ஒற்றைப் பத்தியில்
எத்திராஜ், எதிராஜ் ஆகியிருந்தான்.

அந்தப் பத்தியை லேமினேட் செய்து
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
பச்சையம்மா ஆபீசுக்கே வந்தாள்.
மனுவோட இதையும் வெச்சேன்,
இது வேற ஆளுன்றாங்கமா.
ஒரே ஒரு எழுத்துதான,
போட்டுக் குடுத்துடேன்.

அன்று இடமில்லை.
அரைப் பக்கம் நகைச்சீட்டு விளம்பரம்.
பதினோரு நாள் கழித்துத் திருத்தம் வந்தது,
கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே,
ஒரு வரி.
அதை வெட்டி எடுத்தால்
லேமினேட் செய்ய அகலம் போதாது.
தபாலில் அனுப்பினேன்.
பணம் வந்ததா?
போய்க் கேட்கவில்லை.

இவ்வளவையும் ஆங்கிலத்தில் சுருக்கியபோது
எத்திராஜுக்கு எத்தனை டி என்று தெரியவில்லை.
எத்தனை போட்டாலும்
திரை அவனைச் சிவப்பில் அடிக்கோடிடுகிறது.

என் பெயரையும்தான்.
குடியாத்தத்தில் பீடி சுற்றும் சங்கத்துக்காரர்
மகளுக்குச் செங்கொடி என்று வைத்தார்.
பாஸ்போர்ட்டில் சென்கோடி.
கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புக,
மூன்று நாடும் இதில் ஒரே குரல்.
நிரப்பினேன்.
திருத்த வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை,
அதை வைத்து நான்
யாரிடமும் பணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூற்றாறு சொல் ஆகிவிட்டது.
மிச்சம் நான்கு.
கடைப்பையன் எட்டிப் பார்க்கிறான்:
அக்கா, டைம் முடிஞ்சிது,
இன்னும் அரை மணி போடட்டா?

அவனைக் கேட்கிறேன்,
வாலாஜாவுக்குக் கடைசி பஸ் எப்போது.