ஸ்டூடியோ கோட்டு

ஹட்டன் ஸ்டூடியோவில் ஒரே கோட்டுதான்.
யார் வந்தாலும் முதுகுப்பக்கம் ஊசி குத்தி
அளவாக்கித் தருவார் பவளராசா அண்ணே.
"லிங்க்டினுக்கா? அப்ப லேசா சிரி.
பாஸ்போர்ட்டுக்குத்தான் சிரிக்கக் கூடாது."

முகவரிக் கட்டத்தில்
கொழும்பு என்று அடித்து, அழித்து,
லைன் நம்பரை விழுங்கி
'மத்திய மாகாணம்' என்று
நிறுத்தியிருந்தேன் நேற்றிரவு.

கோட்டுப் பையில் விரல் தட்டியது
மழையில் ஊறிக் காய்ந்த ஒரு விசிட்டிங் கார்ட்:

தி. சுகந்தமலர்
கணக்காய்வு உதவியாளர்
கல்லுமலைத் தோட்டம், கீழ் டிவிசன்

அச்சிலேயே இருந்தது, டிவிசன் வரைக்கும்.
பின்பக்கம் பேனாவில்:
'அடுத்து இதப் போடுற ஆளுக்கு.
எங்க ஆபிசில ரெண்டு எடம் இருக்கு.
மிஸ்கோல் போதும்.'

ஃபிளாஷ் அடித்தபோது
நான் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொன்னு எடுக்கிறேன்.
காசு வேணாம்,
நிமிந்து பாரு."